முகம் காணா ஆட்டக்களம்

சென்ற மார்கழி விடுமுறையில், அட்டன் நகருக்கு அப்பால் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் என் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பகலெல்லாம் விடாத மழை. பனிமூட்டம் லயத்தின் கூரைத் தகரம்வரை இறங்கி வந்திருந்தது. தங்கை கொழுந்து நிறுத்துவிட்டு ஈரக் கம்பளியோடு வந்து, அடுப்பண்டை குந்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். உட்காம்பராவிலோ அவளுடைய மகன், ஒன்பதாம் தரத்தில் பயிலும் பதினான்கு வயதுச் சிறுவன், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, காதிற் கருவி பூட்டி, யாரோடோ ஓயாது பேசிக்கொண்டிருந்தான்.

கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருக்கும் அவனுடைய சித்தப்பா, பழைய பிளேஸ்டேஷன் ஒன்றை மலிவாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதற்கு இணையம் எங்ஙனம் கிடைக்கிறது என்று கேட்டேன். சிறுவன் சாளரத்தைக் காட்டினான். மழை படாவண்ணம் பொலித்தீன் பையில் இட்ட கைத்தொலைபேசி ஒன்று சாளரக் கம்பியிலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் மட்டுமே சிக்னல் எட்டுமாம். அதனிடமிருந்து கன்சோல் இணையத்தைக் கடன் வாங்குகிறது. மலையகத்துப் பிள்ளைகளின் சாமர்த்தியத்தை எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன்.

"நூறு பேரு மாமா. அதுல நாலு நாலு பேரா ஒரு செட்டு. எங்க செட்டுல ஒருத்தன் கொழும்பு, இன்னொருத்தன் வெளிநாடு, ஒருத்தன் எங்கேன்னு தெரியாது" என்றான். ஃபோர்ட்நைட் என்பது அவ்வாட்டத்தின் பெயர். 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. கன்சோலில் ஆடுவோரும் கணினியில் ஆடுவோரும் ஒரே களத்தில் இறங்கலாம்.

அவ்வமயத்திலேதான் அந்நிகழ்ச்சி நடந்தது. மழை வலுத்தது, சிக்னல் குன்றியது, திரையில் ஓடிக்கொண்டிருந்த அவனுடைய வீரன் கல்லாய்ச் சமைந்து நின்றான். எதிரிகள் வந்து வீழ்த்திவிட்டனர். செட்டு தோற்றது. "லைன் போயிருச்சுங்க, மழை பெய்யிது, அதான்..." என்று சிறுவன் சொல்லத் தொடங்கினான். அவனுடைய பேச்சின் சாயலைக் கேட்ட மாத்திரத்தே, மறுமுனையிலிருந்து ஒரு குரல், தூய தமிழ்க் குரல், "தோட்டக்காட்டான்தானே!" என்று நகைத்தது. மற்றொரு குரலும் சேர்ந்து நகைத்தது.

சிறுவன் ஒன்றும் பேசவில்லை. காதுக் கருவியின் கம்பியிலிருந்த சிறு பொத்தானை அழுத்தித் தன் குரலை அடைத்துக்கொண்டான். ஆட்டத்தை மட்டும் விடவில்லை.

வாசக நேயர்களே, அச்சொல்லின் பாரம் இன்னதென்பது மலையகத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோப்பிக் காலம் தொட்டு இம்மலைகளைத் திருத்தியவர்களின் சந்ததியினரை நோக்கி, அயலார் மட்டுமன்றித் தமிழ் பேசுவோரும் வீசி வந்த சொல் அது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பலரை நாடற்றோராக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னரே எஞ்சியோருக்கு வழி பிறந்தது. மலையக மக்கள் இந்நாட்டிற்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாகவே ஒரு கூட்டம் நடந்து சென்றது. அத்தனை தூரம் நடந்து பெற்ற மதிப்பை, கண்காணா ஒருவன் ஓர் ஆட்டத்தில் தோற்ற எரிச்சலிலே ஒரே சொல்லால் உதறிவிடுகிறான். அவன் தீயவன் என்று நான் கருதவில்லை. எதிரே ஒரு முகம் இருந்திருக்குமாயின் அவன் நா எழுந்திராது.

விபரீதம் அதனோடு முடியவில்லை. அன்று மாலையே அடுத்த ஆட்டத்தில் வேறொரு செட்டு. அதிலே சிங்களம் பேசும் சின்னஞ்சிறு பாலகன் ஒருவன்; குரலைக் கேட்டால் எட்டு, ஒன்பது வயதிருக்கும். அவன் தவறான பக்கம் ஓடிவிட்டான். உடனே நம் மருமகப்பிள்ளை பொத்தானைத் திறந்து, அப்பாலகனுக்குப் புரியும் பாஷையிலேயே, அவனையும் அவன் இனத்தையும் சேர்த்து ஏசினான். லயத்துச் சுவர் எத்தகையது என்பது நேயர்கள் அறிந்ததே. அடுத்த காம்பராவிலிருந்து அவனுடைய அப்பாயி எழுந்து வந்துவிட்டார். எண்பத்து மூன்று பிராயம். கலவரங்கள் பலவற்றைக் கண்ணாற் கண்டவர். "யார்ட்ட கத்துக்கிட்ட இந்தப் பேச்ச?" என்று ஒன்றே கேட்டார். சிறுவன் தலை குனிந்தான். அன்றிரவு அவன் சரிவர உண்ணவில்லை.

குரல் நுழைந்த கதை

எம் பிள்ளைப் பருவத்தில் பிரட்டுக்களத்திலே கிளித்தட்டு ஆடினோம், கோலி ஆடினோம். அங்கேயும் ஏச்சு உண்டு, அளாப்பல் உண்டு. ஆனால் ஏசியவன் மறுநாள் காலை பீலிக்கரையில் நம் அருகிலேதான் வாளியோடு நிற்பான். அவன் தாயும் நம் தாயும் ஒரே நிரையில் கொழுந்து பறிப்பார்கள். ஆதலின் சண்டை மூன்று நாளைக்கு மேல் நீடித்ததில்லை. மரியாதையை எவரும் போதிக்கவில்லை; ஊரின் கண்கள் அதனைக் காத்து நின்றன.

கன்சோல் ஆட்டத்திலே அக்கண்கள் இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் இயந்திரங்கள் 1972இல் மக்னவொக்ஸ் ஒடிசியோடு தோன்றியவை. நெடுங்காலம் ஒரே அறையில் தோளோடு தோள் அமர்ந்தே ஆடினார்கள். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்னும் சேவையைத் தொடங்கியபோது, அதற்குரிய பெட்டியிலேயே காதுக் கருவியையும் வைத்து விற்றது. அன்று தொட்டு, அறியாதார் குரல் வீட்டின் நடுக்கூடத்துள் புகுந்தது. அக்குரலோடு நட்பும் வந்தது, வசையும் வந்தது. மலைப்புறத்துப் பிள்ளையொருவன் அயல்நாட்டுப் பிள்ளையோடு ஆங்கிலம் பேசிப் பழகுவதும் இதன் நற்பயனே என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. என் மருமகன் பாடசாலையிற் கற்றதைக் காட்டிலும் அதிகமான ஆங்கிலத்தைத் திரையின் முன்னே கற்றிருக்கிறான். சிங்களமும் அங்ஙனமே.

நிறுவனங்கள் வாளாவிருக்கவில்லை. 2019இல் எக்ஸ்பாக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட நடத்தை விதிகளிலே, எதிராளியின் ஆட்டத்தைக் கேலி செய்வது எவ்வளவில் பொறுக்கத்தக்கது, அவனுடைய இனத்தையோ பாலையோ இழுத்துப் பழிப்பது ஏன் பொறுக்கத்தகாதது என்பதை மாதிரி வாசகங்களோடு விளக்கினர். எனக்கு அந்தப் பாகுபாடு பிடித்திருக்கிறது. "உன் குறி தப்பிற்று" என்பது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. "உன் சாதிப் புத்தி தப்பிற்று" என்பது ஆளைப் பற்றிய பேச்சு. முன்னதில் விளையாட்டின் உப்பும் காரமும் உண்டு. அதனையும் தடுத்துவிட்டால் ஆட்டம் சப்பென்றாகிவிடும். பின்னதற்கும் ஆட்டத்திற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

கிறைஸ்ட்சேர்ச்சில் ஓர் ஓட்டம்

விதிக்கு உட்பட்டதெல்லாம் மரியாதையாகுமா என்று மறுநாட் காலை மருமகன் என்னைக் கேட்டான். அதாவது, மழையில் உறைந்து நின்ற எதிரியைச் சுடலாமா என்பது அவன் வினா. அவனுக்கு நான் கிரிக்கெட்டிலிருந்து விடை சொன்னேன். தேயிலைத் தோட்ட வேலைக்கென இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்தின் வழித்தோன்றலாய்க் கண்டியிலே பிறந்தவர் முத்தையா முரளிதரன். டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்தியவர். 2006 டிசம்பரில் நியூசீலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் மைதானத்திலே, இலங்கையின் கடைசி ஆட்டக்காரராய் அவர் மறுமுனையில் நிற்க, குமார் சங்கக்கார ஓர் ஓட்டம் ஓடி நூறைத் தொட்டார். முரளிதரனும் தம் ஓட்டத்தை முடித்துக் கோட்டைத் தொட்டுவிட்டு, தோழரைப் பாராட்டும் ஆவலில் கோட்டை விட்டு நடந்தார். பந்து இன்னும் ஆட்டத்திலேதான் இருந்தது. எறியப்பட்ட பந்தைப் பற்றிய விக்கெட் காப்பாளர் பிரெண்டன் மெக்கலம் விக்கெட்டைத் தட்டிவிட்டார். ரன் அவுட்! விதியின்படி அது முற்றிலும் சரி. இலங்கையின் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்த டெஸ்டிலும் நியூசீலாந்தே வென்றது.

பத்தாண்டு கழிந்து, 2016இல் லோர்ட்ஸ் மைதானத்திலே கிரிக்கெட்டின் மாண்பு பற்றிச் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்ட மெக்கலம், அந்நிகழ்ச்சியை எடுத்துக் கூறி, அதற்காக வருந்துவதாகச் சொல்லி மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். எந்த நடுவரும் அவரைக் குற்றவாளியாக்கவில்லை. எந்த விதியும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை. பத்து வருஷம் அவர் நெஞ்சிலே அது கிடந்திருக்கிறது.

சிறுவன் சற்று யோசித்து, "அப்ப சுடக்கூடாதா?" என்றான். "போர் ஆட்டத்திலே சுடாமல் என்ன செய்வாய்? சுடு. உறைந்து நின்றவனைச் சுட்டுவிட்டு, அதைப் பெரிய வீரமாக ஊரறியக் கூவாதே" என்றேன். அவன் சிரித்தான். முழு விடை அதுவன்று என்பதை நானும் அறிவேன்.

சிக்னல் என்னும் விதி

மலைநாட்டிலே மரியாதையின் முதற்பாடம் சிக்னலைப் பற்றியதே என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் பொத்தானை அழுத்தும் செய்தி, தொலைவில் எங்கோ இருக்கும் சேவையகம் என்னும் பெருங்கணினிக்குச் சென்று மீண்டால்தான் திரையில் காரியம் நடக்கும். கண்ணாடி இழையினூடே ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் பாய்கிறது. சிங்கப்பூரிலே சேவையகம் இருப்பின், கொழும்பிலிருந்து போய் வர 5,400 கிலோமீற்றர் அளவாகும்; இதற்கே வினாடியின் ஆயிரத்தில் 27 பங்கு வேண்டும். அதன் மேல் நம் மலைகளும் கோபுரத்திலிருந்து வரும் அலையை மறிக்கின்றன. ஒரு தோட்டத்திலே மேல் லயத்தில் நன்றாய்க் கிடைப்பது கீழ் லயத்தில் அறவே கிடையாது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கே மலையேறிய பிள்ளைகள் நம் பிள்ளைகள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டும் வந்தது. நகரத்தில் தடையற்ற இணைப்போடு அமர்ந்திருப்பவனுக்கு இவையெல்லாம் எங்ஙனம் தெரியும்? சொன்னால்தான் தெரியும். ஆட்டம் தொடங்குமுன்னரே, "எங்கள் பக்கம் மழை, இடையிலே அறுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வாய்ச்சொல் சொல்லிவிட்டால், பாதிச் சண்டை எழாது. அடைமழையில் நால்வர் ஆட்டத்திற்கே போகாமல் தனியாட்டம் ஆடுவது அதனினும் நன்று.

இணைப்பு அறுந்து போவது வேறு. தோற்கப் போகிறோம் என்று கண்டவுடன் வேண்டுமென்றே அறுத்துக்கொண்டு ஓடுவது வேறு. இரண்டாவது, கிளித்தட்டிலே அகப்பட்டவுடன் "அம்மா கூப்பிடுறாங்க" என்று வீட்டிற்கு ஓடும் வேலை. மூவரை அம்போவென்று விட்டுச் செல்கிறவனை அடுத்த முறை எவரும் சேர்க்கமாட்டார்கள். தாய் மெய்யாகவே கூப்பிட்டால், சொல்லிவிட்டுப் போகலாம். ஆட்டம் முடிந்ததும் வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் "நல்ல ஆட்டம்" என்று சொல்வது உலகெங்கும் ஆட்டக்காரர்களிடையே உள்ள வழக்கம். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துக்களில் ஜீஜீ என்று தட்டிவிடுவர். தோற்றவனை இகழ்வதற்கே அதனை முந்திக்கொண்டு தட்டுகிறவர்களும் உளர். எழுத்து ஒன்றேயானாலும், தட்டும் நேரத்தைக் கொண்டு கருத்து மாறிவிடுகிறது.

வீட்டிலுள்ளோரிடமும் மரியாதை உண்டென்பதைக் கன்சோல் பிள்ளைகள் மறந்துவிடுகின்றனர். ஒரு செங்கற் சுவருக்கு அப்பால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண் இருப்பாள். விடியுமுன் எழுந்து சமைத்துப் பிரட்டுக்குப் போக வேண்டிய தாய் படுத்திருப்பாள். நள்ளிரவில் "அடி, அடி, விடாதே!" என்று அலறினால் லயமே விழித்துக்கொள்ளும். காதுக் கருவி அணிந்தவனுக்குத் தன் சத்தம் தனக்கே கேளாது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

"அது என்னமோ, நமக்கெங்க வெளங்கப் போகுது அண்ணே" என்றாள் தங்கை. விளங்காத பொருளன்று. ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு 2022 டிசம்பரில் தீர்ந்தபோது, அந்நிறுவனம் மொத்தம் 520 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. சிறுவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டியமை, அறியாதாரோடு பேசும் வசதியைச் சிறுவர்க்கும் தானாகவே திறந்து வைத்தமை ஆகியவை பற்றி 275 மில்லியன். விரும்பாமலே பணம் செலவாகும்படி பொத்தான்களை அமைத்தமை பற்றி 245 மில்லியன். பேச்சும் பணமும் ஆகிய இரண்டு கதவுகளையுமே பெற்றோர் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுமா?

பேச்சுக் கதவை அடைக்கலாம். குறிப்பிட்ட ஒருவன் குரலை மட்டும் மௌனமாக்கும் பொத்தான் உண்டு. அவனை அறவே விலக்கும் வழியும் உண்டு. முறையிடும் வழியும் உண்டு. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 இயந்திரம், குரற் பேச்சின் கடைசி ஐந்து நிமிடத்தை நினைவில் வைத்திருக்கிறது. வசையைக் கேட்டவன் அதனின்று ஒரு துண்டை வெட்டி முறைப்பாட்டோடு அனுப்பலாம். பதிலுக்கு ஏசுவதைவிட இது எளிது. என் மருமகன் அறிந்திருந்தும் அனுப்பவில்லை. "அனுப்பினா என்ன மாமா ஆகப் போகுது" என்றான். பதினான்கு வயதில் அந்தச் சலிப்பு வந்திருப்பதுதான் என்னை வருத்தியது.

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் கடினம். அதே லயத்தின் தொங்கல் வீட்டுச் சிறுமியொருத்தி கைத்தொலைபேசியில் நன்றாய் ஆடுவாளாம். ஆனால் ஒருநாளும் வாய் திறப்பதில்லை. பெண் குரல் கேட்டவுடன் ஆட்டம் நின்று வேறு பேச்சுத் தொடங்கிவிடுகிறது என்கிறாள். ஊர் எது, பாடசாலை எது, புகைப்படம் அனுப்பு என்று கேட்பவனிடம் ஒன்றும் சொல்லலாகாது. நகரத்திலே தெருப் பெயர் சொன்னாலும் ஆளைக் கண்டுபிடிப்பது அரிது. தோட்டத்துப் பெயரும் டிவிசன் பெயரும் சொல்லிவிட்டால், எவரைக் கேட்டாலும் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். எல்லை மீறிய தொல்லையாயின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்தை அழைக்கலாம்.

பணக் கதவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயமாயிற்று. அதற்கே எத்தனை போராட்டம்! வீரனுக்குப் புதுச் சட்டை வாங்குவதற்கென ஒரு நாட்கொழுந்தை அரை நிமிடத்தில் விழுங்கிவிடும் கடைகள் இவ்வாட்டங்களுக்குள் உள்ளன. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமலே காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டமென்றே 2018இல் பெல்ஜியம் தீர்மானித்தது. நம் கூத்துக்களிலே சகுனியின் பகடையைக் கண்ட அப்பாயிமாருக்கு இது புதிதன்று.

இடையே ஒன்று சொல்ல மறந்தேன். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்வதென முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறிப் பிரிந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. பெரியப்பா வழியினர் நீலகிரியிலே, கோத்தகிரிப் பக்கத்தில், மறுபடியும் தேயிலையோடுதான் வாழ்கின்றனர். கலியாணத்திற்கும் கருமாதிக்கும் கடிதம் வந்த உறவு அது. அவர்களுடைய பேரனும் என் மருமகனும் பப்ஜி ஆட்டத்தில் ஒரே செட்டில் ஆடி, மாலைதோறும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! 2020 செப்டெம்பரில் இந்திய அரசு அவ்வாட்டத்தைத் தடை செய்தது. பிரீ பயர் ஆட்டத்திற்கு மாறினார்கள். 2022 பெப்ரவரியில் அதுவும் தடைப்பட்டது. அரசாங்கத்திற்கு ஆயிரம் நியாயங்கள் இருக்கலாம். "அவன் அங்க லயத்த 'லைன் வீடு'ன்னு சொல்லுவான் மாமா. மத்ததெல்லாம் நம்ம பேச்சுதான்" என்றான் சிறுவன். அவனை எவரும் அங்கே தோட்டக்காட்டான் என்று சொன்னதில்லை.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் மாலையும் மழை பிடித்துக்கொண்டது. சிறுவன் கன்சோலைத் திறந்தான். அந்தச் சிங்களப் பாலகனின் பெயர் அவனுடைய பட்டியலில் இன்னும் இருந்தது. நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழைப்பு அனுப்பினான். பாலகன் வந்துவிட்டான், பிள்ளைகள் எத்தனை விரைவில் மறக்கிறார்கள்! நம் பிள்ளை பொத்தானைத் திறந்து, "மல்லி" என்று தொடங்கி, அன்றைய பேச்சுக்கு வருத்தம் தெரிவித்து, இங்கே மழை, இணைப்பு போனாலும் போகும் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். நுவரெலியாத் தமிழ் வாடை வீசும் சிங்களம். அப்பாயி வாசற்படியில் வெற்றிலை இடித்துக்கொண்டே காதை இப்பக்கம் வைத்திருந்தார்.

ஒலிபெருக்கியிலே கொரகொரவென்று ஒரு சத்தம், அதனுள்ளிருந்து சின்னக் குரல்: "கமக் நே, அய்யே!"

பரவாயில்லை, அண்ணா என்று அதற்குப் பொருள். ஐந்தே நிமிடத்தில் சிக்னல் அறுந்தது.